கஞ்சா ஆராய்ச்சியும் ரபாயேல் மெஷூலமும்: ஒரு வரலாற்று நோக்கு

கஞ்சாச் செடியின் மயக்கும் இயல்பையும் மருத்துவப் பயனையும் ஆசிய மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். 1839ஆம் ஆண்டளவில் கல்கத்தாவில் பணியாற்றிய வைத்தியர் வில்லியம் ஓஷோனசி அப்பயனை மேனாட்டாருக்கும் எடுத்துரைத்தார். எனினும், அபினியிலிருந்து மோர்பினும் கொக்கா இலையிலிருந்து கொக்கெயினும் 19ஆம் நூற்றாண்டிலேயே பிரித்தெடுக்கப்பட்டிருக்க, கஞ்சாவின் செயற்பொருளின் கட்டமைப்பு 1964 வரை துணியப்படவில்லை. இத்தாமதம் எதனால் ஏற்பட்டது? அது நீங்கிய பின்னரும் அறிவு நோயாளரைச் சென்றடையாமைக்குக் காரணம் யாது? இவ்வினாக்களை ரபாயேல் மெஷூலம் என்னும் விஞ்ஞானியின் ஆய்வு வாழ்வை முன்னிறுத்தி நாம் ஆராய முற்படுவோம்.

முதலாவது தாமதத்திற்கு இரசாயனமே பெரிதும் காரணமாயிற்று. மோர்பினும் கொக்கெயினும் அற்கலோயிட்டுகள். அமிலங்களோடு சேர்ந்து பளிங்குருவான உப்புக்களைத் தருவன. கஞ்சாவின் சேர்வைகளோ எண்ணெய்த் தன்மையுடையன. ஒன்றையொன்று ஒத்தனவாய்க் கலந்து கிடப்பன. அவற்றைத் தனித்தனியே பிரிப்பதற்கும், பிரித்தவற்றின் கட்டமைப்பைத் துணிவதற்கும் கருக்காந்தப் பரிவு முதலிய புதிய முறைகள் தோன்ற வேண்டியிருந்தது.

மெஷூலம் 1930இல் பல்கேரியாவின் சோபியா நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்து, 1949இல் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தவர். 1960களின் தொடக்கத்தில், வைஸ்மன் விஞ்ஞான நிறுவனத்தில் இளம் ஆய்வாளராயிருந்த காலத்திலேயே இத்துறையிற் புகுந்தார். ஆய்வுக்குரிய பொருளைப் பொலிசாரே வழங்கினர். கைப்பற்றப்பட்ட லெபனான் ஹஷீஷ் 5 கிலோகிராமை அவர் பேருந்தில் எடுத்துச் சென்றார் என்பதும், சுகாதார அமைச்சின் அனுமதியின்றிப் பெற்றமையால் அது சட்டத்துக்கு முரணாயிற்று என்பதும் அவரே பின்னாளிற் கூறிய செய்திகளாகும். 1963இல் யுவல் ஷ்வோவுடன் இணைந்து கனபிடயோலின் கட்டமைப்பையும், 1964இல் யெகியேல் கவோனியுடன் இணைந்து டெட்ராஐதரோகனபினோலின் கட்டமைப்பையும் அவர் வெளியிட்டார். மயக்கந் தருவது பின்னையதே என்பது குரங்குகளில் நடத்திய சோதனைகளால் உறுதியாயிற்று.

அப்பொருள் மூளையில் எவ்வாறு செயற்படுகின்றது என்பது மேலும் இருபதாண்டுகளுக்கு மேல் தெளிவுபடவில்லை. 1988இல் ஐக்கிய அமெரிக்காவில் அலின் ஹவுலெற், வில்லியம் டிவேன் முதலியோர் எலியின் மூளையில் அதற்கான வாங்கியொன்று உண்டென நிறுவினர். செடியொன்றின் பொருட்டு உடல் இத்தகைய வாங்கியைப் படைத்திருத்தல் இயலாது. ஆகவே உடலே சுரக்கும் பொருளொன்று இருத்தல் வேண்டும் என மெஷூலம் கருதினார். டிவேனும் லூமிர் ஹனுஷும் அவருடைய எருசலேம் ஆய்வுகூடத்திற் பணியாற்றிப் பன்றியின் மூளையிலிருந்து அப்பொருளைப் பிரித்தெடுத்தனர். 1992இல் வெளியான அக்கண்டுபிடிப்புக்கு, நாமும் நாள்தோறும் வழங்கும் ‘ஆனந்தம்’ என்னும் வடசொல்லின் அடியாக ‘ஆனந்தமைட்’ எனப் பெயரிட்டனர். 1995இல் இதே வகையைச் சார்ந்த இரண்டாவது பொருளும் கண்டறியப்பட்டது. சாதாரணமாக நரம்புக் கலங்களிடையே செய்தி முன்னோக்கிச் செல்லும். இப்பொருள்களோ பெறும் கலத்திலிருந்து அனுப்பும் கலத்திற்குத் திரும்பிச் சென்று அதன் வேகத்தைத் தணிப்பன என்பதை 2001ஆம் ஆண்டு ஆய்வுகள் காட்டின.

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். மயக்கந் தராத கனபிடயோலை வலிப்பு நோயாளருக்கு அளித்துப் பிரேசில் ஆய்வாளருடன் மெஷூலம் நடத்திய சோதனையின் முடிபுகள் 1980இல் வெளியாயின. பங்குபற்றியோர் 15 பேர். மருந்தைப் பெற்ற எண்மருள் நால்வருக்கு வலிப்பு ஏறத்தாழ முற்றாக நின்றது. மூவருக்கு ஓரளவு குறைந்தது. போலி மருந்தைப் பெற்ற எழுவருள் ஒருவரே தேறினார். பதினைந்து பேரைக் கொண்ட சோதனை முடிந்த முடிபாகாது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின், பெரிய சோதனையொன்றைத் தொடங்குவதற்கு அது போதிய காரணமாகும். அத்தகைய சோதனையின் முடிபு 2017இலேயே வெளிவந்தது. கடுமையான வலிப்புடைய 120 சிறாரும் இளைஞரும் அதிற் பங்குபற்றினர். அரிய இருவகை வலிப்பு நோய்களுக்குக் கனபிடயோல் மருந்து 2018இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. இடையிற் கழிந்தவை 38 ஆண்டுகள். அக்காலத்திற் பிறந்து, வலிப்போடு வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்!

இத்தாமதத்திற்கு இரசாயனத்தின் மீது பழி சுமத்த இயலாது. 1961ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையும் அதனையொட்டிய சட்டங்களும் செடியின் தீங்கை நோக்கின. அந்நோக்கம் தவறன்று, டெட்ராஐதரோகனபினோல் இளையோருக்குத் தீங்கு விளைக்கவல்லது. ஆனால் செடியின் தீப்பெயர் அதன் தீங்கற்ற கூறுக்கும் ஒட்டிக்கொண்டது. ஒரு பொருளைத் தடைசெய்தல் வேறு. அதனை அறிதலைத் தடைசெய்தல் வேறு. இவ்வேறுபாடு உணரப்படாமையே நோயாளர் காத்திருக்க நேர்ந்தமைக்கு முதன்மையான காரணம் என்பது எமது கருத்தாகும்.

மெஷூலம் 2023 மார்ச்சு 9ஆம் நாள், தமது 92ஆம் வயதிற் காலமானார். அறுபதாண்டுகள் அவர் கஞ்சாவை வாழ்த்தவுமில்லை, வைதொழியவுமில்லை. அது யாதென வினவினார். அவ்வினாவே மனித மூளையின் அறியப்படாத ஒழுங்கொன்றை எமக்குக் காட்டிற்று.