கொட்டகையே அழுத காலம்

"ரொம்ப பாசமலர் ஓட்டாதே" என்று கல்லூரிப் பையன்கள் இன்று கிண்டலடிக்கிறார்கள். 1961-இல் ஏ.பீம்சிங் இயக்கத்தில் அந்தப் படம் வந்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. திரையில் சிவாஜியும் சாவித்திரியும் அழ, கொட்டகையே அழுதது.

கொட்டகை என்றால் ஏசி தியேட்டர் இல்லைங்க, டூரிங் டாக்கீஸ். வில்லியனூர், பாகூர் மாதிரி வயல்காட்டு ஊர்க்காரர்களுக்குச் சினிமா என்றால் பெரும்பாலும் அதுதான். பகலில் கூடாரத்துக்குள் வெளிச்சம் புகுந்துவிடும், அதனால் மாலையும் இரவும் இரண்டே ஆட்டம். இருப்பது ஒரே புரொஜக்டர். ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. அழுகைக் காட்சியில் ரீல் தீர்ந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டே முறுக்கு வாங்கலாம்! தரை டிக்கெட்காரர்கள் மணலைக் குவித்து மேடாக்கி உட்காருவார்கள். பெண்களுக்குத் தனிப் பக்கம், நடுவில் ஒரு தடுப்பு. மாமியார் வீட்டில் வாய்விட்டு அழ முடியாதவள் அந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சாவித்திரிக்காக அழலாம், யாரும் காரணம் கேட்கப்போவதில்லை.

அந்த வருடம் புதுச்சேரி சட்டப்படி இன்னும் இந்தியாவோடு சேரவில்லை என்பது ஒரு வேடிக்கை. 1954-இல் நிர்வாகம் கைமாறினாலும் சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடந்தது. கண்ணீருக்கு அந்த எல்லை தெரியவில்லை.

பாசமலரை வெறும் அண்ணன் தங்கைக் கதை என்று ஒதுக்குவது தப்பு. அண்ணன் முதலாளி ஆகிறான், தங்கையின் காதலன் தொழிலாளர் பக்கம் நின்று வேலைநிறுத்தம் செய்கிறான். 1936 ஜூலை 30-இல் மில் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்த மண் புதுச்சேரி. மில் சங்கைக் கேட்டு வேலைக்குப் போனவர்களுக்கு அந்தச் சண்டை தெரிந்த சண்டைதான்.

பிறகு 1993. பாரதிராஜாவின் 'கிழக்குச் சீமையிலே' அதே பாசத்தைத் தாய்மாமன் சீரோடு கிராமத்துக்குக் கொண்டுவந்தது. அதே வருடம் ஏப்ரல் 14-இல் சன் டிவி தொடங்கியது. படத்தில் தங்கையாக அழுத ராதிகாவே 1999-இல் 'சித்தி' தொடரோடு வீட்டுக்குள் வந்தார். அப்புறம் 'மெட்டி ஒலி', 'கோலங்கள்'. பெண்களின் அழுகை தியேட்டரை விட்டுக் கூடத்துக்குக் குடிபோனது. காசு கொடுத்து வெளியே போய் அழ வேண்டிய அவசியம் தீர்ந்தது. தியேட்டரில் மிச்சமிருந்தது பெரும்பாலும் இளவட்டங்கள். 2005-இல் 'திருப்பாச்சி'யிலும் அண்ணன் தங்கைதான், ஆனால் அண்ணன் கையில் அரிவாள் ஏறிவிட்டது. அழுவதற்கு விட்ட நேரத்தைச் சண்டைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

2019-இல் 'நம்ம வீட்டுப் பிள்ளை' குடும்பங்களை மறுபடி தியேட்டருக்குக் கூப்பிட்டது. 2021-இல் 'உடன்பிறப்பே' தியேட்டர் பக்கமே போகாமல் நேராக அமேசான் பிரைமில் இறங்கியது. பாட்டிமார்களுக்குப் பேரன்தான் போனில் போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. பேரன் காதில் மாட்டியிருந்தது வேறு ஏதோ பாட்டு.