பெர்கன் நகரின் தொண்டை ரகரம்

நார்வேயின் மேற்குக் கரையில் உள்ள பெர்கன் நகரத்தார் பேசும்போது முதலில் காதில் படுவது ரகரம்தான். ஒஸ்லோவிலும் வட நார்வேயிலும் அது தமிழின் ‘ர’ போல நுனிநாக்கில் பிறக்கிறது. பெர்கனிலோ, பின்நாக்கு உள்நாக்கை நோக்கி எழுந்து, தொண்டையருகே உரசி ஒலிக்கிறது. பிரெஞ்சிலும் டேனிஷிலும் கேட்கும் ரகரம் இதுவே.

ஜெர்மானிய வணிகர்கள் இதைக் கொண்டுவந்தார்கள் என்று எண்ணத் தோன்றும். ஹான்சா வணிகக் கூட்டமைப்பின் கிடங்குகள் 1360 வாக்கிலிருந்து 1754 வரை பெர்கன் துறைமுகத்தில் இயங்கின. உப்பிடாமல் காற்றில் உலர்த்திய காட் மீன் வடக்கிலிருந்து அங்கே வந்து இறங்கியது. ஐரோப்பாவின் தானியம் வடக்கே போயிற்று. அந்த நெடுங்காலப் பழக்கம் நகரப் பேச்சில் தடம் பதித்தது உண்மை. பெரும்பாலான நார்வே வட்டார வழக்குகளில் பெயர்ச்சொல்லுக்கு மூன்று பால்கள் உண்டு. பெர்கனில் ஆண்பாலும் பெண்பாலும் ஒன்றாகி இரண்டே எஞ்சின; இதை ஜெர்மன் தொடர்பின் விளைவாகவே ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஆனால் ரகரத்துக்கு அந்த விளக்கம் பொருந்தாது. ஹான்சா வணிகர் பேசிய கீழ் ஜெர்மனின் ரகரமும் நுனிநாக்கில் பிறந்ததே. அதைவிட வலுவான சான்று காலக்கணக்கு: தொண்டை ரகரம் பெர்கனில் வேர்விட்டது 1800-ஐ ஒட்டித்தான்.

அது வந்த வழி கோபன்ஹேகன். 1814 வரை நார்வே டென்மார்க்குடன் ஒரே அரசாக இருந்தது; கோபன்ஹேகனே தலைநகரம், அங்கேதான் பல்கலைக்கழகமும். அதிகாரிகளும் பாதிரியார்களும் வணிகர்களும் கடல்வழியே வந்துபோயினர். பெர்கனிலும் தென்கோடியிலுள்ள கிறிஸ்டியான்சானிலும் இடம்பிடித்த ஒலி, அடுத்து ஸ்டவாங்கர் போன்ற கரையோர நகரங்களுக்குத் தாவியது. நகரம்விட்டு நகரம் பாய்ந்து, அதன் பிறகே சுற்றியுள்ள கிராமங்களுக்குள் கசிந்தது. பெற்றோர் நுனிநாக்கில் ஒலித்ததைப் பிள்ளைகள் தொண்டையில் ஒலித்த வீடுகள் இருபதாம் நூற்றாண்டிலும் இருந்தன.

பள்ளியும் இந்த ஒலியை அழுத்தவில்லை. இயன்றவரை குழந்தைகளின் சொந்தப் பேச்சுமொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்று நார்வே நாடாளுமன்றம் 1878-இல் முடிவெடுத்தது. வட்டார ஒலிகள் இன்றும் அங்கே தலைநிமிர்ந்து வாழ்வதில் இந்த முடிவின் பங்கு மிகப் பெரியது.

ஒரு ரகரம் இடம் மாறியதால் வேறு ஒலிகளின் போக்கும் மாறியது. கிழக்கு நார்வேயில் ரகரத்தை அடுத்து ‘த’வோ ‘ன’வோ வந்தால் இரண்டும் கலந்து ட, ண போன்ற நாவளை ஒலிகளாகின்றன. குழந்தையைக் குறிக்கும் சொல் ஒஸ்லோவில் ஏறக்குறைய ‘பாண்’ என ஒலிக்கும், பெர்கனில் ‘பார்ன்’. ரகரம் தொண்டைக்குப் போனபின் நுனிநாக்குக்குக் கலக்க எதுவும் இல்லை. நாவளை ஒலிகள் அங்கே உருவாகவே இல்லை.

அண்மைக் காலத்தில் பெர்கன் இளையோரிடம் வேறொரு மாற்றம் நிகழ்கிறது. நடுநாக்கில் உரசிப் பிறக்கும் மெல்லிய ‘ஹ்ய’ ஒலி ‘ஷ’வுடன் கலந்துவருகிறது. இக்கலப்பு முதலில் கவனிக்கப்பட்ட நார்வே நகரங்களில் பெர்கனும் ஒன்று.