பழுப்பு வட்டுகள் எந்த ஊரிலிருந்து கப்பலேறின?

2002இல் ஜெர்மனியில் ‘போர்ட்டோ ரிக்கோ’ என்றொரு பலகை ஆட்டம் வெளிவந்தது. ஆன்ட்ரியாஸ் சைஃபார்த் வடிவமைத்தது. பலகை ஆட்டப் பித்தர்கள் பல ஆண்டுகள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். ஆளுக்கொரு தீவுப் பலகை. அதில் கரும்பு, அவுரி, காபி, புகையிலை என்று தோட்டம் போட வேண்டும், விளைந்ததைக் கப்பலேற்ற வேண்டும். ஆனால் தோட்டம் தானாக விளையாது. அதன்மேல் ஒரு சின்ன பழுப்பு நிற மர வட்டை வைத்தால்தான் விளையும். வட்டுகள் கப்பலில் வந்து இறங்கும். ஆட்டத்தின் விதிப் புத்தகம் அவற்றைக் ‘குடியேறிகள்’ என்கிறது. கூலி கேட்காத, காய்ச்சலில் சாகாத, ஊர் திரும்பாத குடியேறிகள்!

உண்மையான போர்ட்டோ ரிக்கோ தீவில் 1873 வரை அடிமை முறை சட்டப்படியே இருந்தது. அந்த வட்டுகள் யார் என்று கேள்வி எழாமல் இருக்குமா? கேட்டார்கள். 2022இல் வந்த புதிய பதிப்பு கதையையே 1897ஆம் ஆண்டுக்கு, அதாவது அடிமை முறை ஒழிந்த பிந்தைய காலத்துக்கு நகர்த்திவிட்டது. இந்த வகை ஆட்டங்களுக்கு 1993இலேயே ஓர் அமெரிக்க விமர்சகர் நான்கு வினைச்சொற்களைச் சூட்டியிருந்தார்: தேடு, விரி, சுரண்டு, அழி. பாராட்டாகத்தான் சொன்னார்.

‘விளையாட்டுதானே தோழர், இதிலும் அரசியலா’ என்று கேட்கிற தம்பி தங்கைகள் மதுரையிலும் இருக்கிறார்கள். இப்போது இங்கேயும் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பமாக உட்கார்ந்து இந்த ஆட்டங்களை ஆடுகிறார்கள். விரலளவு பொம்மைகளை வாங்கி, மெல்லிய தூரிகையால் வண்ணம் தீட்டி அலமாரியில் அடுக்குகிறார்கள். அது எனக்கும் பிடித்தமான வேலைதான். ஆனால் மதுரைக்கு இந்த விளையாட்டில் பழைய பங்கு ஒன்று உண்டு. ஆட்டக்காரராக அல்ல, காயாக.

முதலில் அந்தப் பொம்மைக் கதை. 1837இல் மதுரையில் ஒரு படத்தொகுப்பு தயாரானது. பெயர், ‘இந்தியச் சாதிகளின் எழுபத்திரண்டு மாதிரிகள்’. கையால் வண்ணம் தீட்டிய 72 படங்கள், ஆங்கிலத்திலும் தமிழிலும் தலைப்புகள். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி டேனியல் புவர் அதைத் தன் நண்பரான ஒரு பாதிரியாருக்குப் பரிசளித்தார். இன்று அது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. துணி, நகை, கருவி எல்லாம் நுணுக்கமாக வரைந்திருக்கிறார்கள். படத்தின் கீழே இருப்பது ஆளின் பெயர் அல்ல, சாதியின் பெயர். மாதிரி என்ற சொல்லைக் கவனியுங்கள். பூச்சியைக் குண்டூசியில் குத்தி வைப்பவரும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துவார். அந்த ஓவியரின் கை திறமையான கை, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மனிதரைச் சாதியாகச் சுருக்கும் வேலையை வெள்ளைக்காரர் வந்து நமக்குக் கற்றுத்தரவில்லை. ஏற்கெனவே ஊரும் சேரியுமாகப் பிரித்து வைத்திருந்ததை அவர் அழகாகச் சட்டம் போட்டு எடுத்துப்போனார், அவ்வளவுதான்.

ஏறத்தாழ அதே காலத்தில் இலங்கை மலைகளில் ஆங்கிலேயர் காடழித்துக் காபி போடத் தொடங்கியிருந்தார்கள். தோட்டம் தயார், வட்டுகள் வேண்டும். எங்கே போவது? மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சை, திருநெல்வேலிச் சமவெளிகளுக்கு வந்தார்கள். பண்ணையடிமைக்குச் சட்ட அங்கீகாரம் 1843இல் நீக்கப்பட்டது; நிலம் மட்டும் கைமாறவில்லை. கடன் அப்படியே, குடிசை நின்ற மண்கூட பண்ணைக்காரருடையது. பிறகு 1876–78இல் தாது வருஷப் பஞ்சம். போனவர்களில் பெரும் பகுதியினர் பள்ளர், பறையர், அருந்ததியர். கடற்கரை வரை நடந்து, தோணியில் மன்னார் கடந்து, அங்கிருந்து மாத்தளை வரை நூறு மைலுக்கு மேல் காட்டு வழியில் நடை. காலராவிலும் பசியிலும் வழியோரம் விழுந்தவர்கள் ஏராளம். ‘குடியேறிகள்’ என்ற சொல்லை இங்கே வைத்துப் பாருங்கள், பொருந்துகிறதா?

அழைத்துப்போனவர் கங்காணி. பெரும்பாலும் ஆதிக்கச் சாதிக்காரர். தன் கீழ் வேலைக்கு வரும் ஆளுக்கு இத்தனை என்று அவருக்குத் தலைக்காசு உண்டு. ஊரில் வாங்கிய முன்பணமும் வழிச்செலவும் கூலியாளின் கணக்கில் கடனாக ஏறும். இந்தக் கடனிலிருந்து பிறந்ததுதான் ‘துண்டு’ முறை. இந்தக் கூட்டத்துக்கு இவ்வளவு கடன், கட்டிவிட்டு அழைத்துக்கொள்ளலாம் என்று தோட்டத் துரை எழுதித் தரும் சீட்டு. அடுத்த துரை பணம் கட்டுவார், கூட்டம் மலை மாறும். ஆட்டத்தில் சீட்டைக் கொடுத்துக் காயை வாங்குவதில்லையா, அதேதான், ஆனால் சீட்டின் மறுமுனையில் பிள்ளையைச் சுமந்த பெண்கள் நின்றார்கள். 1921இல்தான் துண்டு சட்டப்படி ஒழிக்கப்பட்டது. காபி நோய் கண்டு அழிந்து தேயிலை வந்தும் கங்காணி போகவில்லை. சாதியும் தோணி ஏறிப் போயிருந்தது. லயன் வீடுகளைக்கூடச் சாதி பார்த்துப் பிரித்தார்கள்.

1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் நடை குறைந்தது. ரயில், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். அதற்கு முன் மண்டபம் முகாமில் அடைத்து, நோய் இல்லை என்று உறுதியான பிறகே அனுப்புவார்கள்.

பேரம் மேசையில் நடந்த காலமும் வந்தது. சுதந்திர இலங்கை 1948இல் குடியுரிமைச் சட்டம் போட்டு இலட்சக்கணக்கான மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேர் அடுத்த சுற்றுக்கு. 1974இல் இந்திராவும் சிறிமாவோவும் அந்த மீதியை ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாக வெட்டிக்கொண்டார்கள். தேயிலை பறித்த ஒருவரிடமும் கேட்கவில்லை. திரும்பி வந்தவர்களை அதே மண்டபம் முகாம்தான் வரவேற்றது.

அப்படியானால் இந்த ஆட்டங்களைக் கொளுத்திவிடலாமா என்றால், வேண்டாம். 2017இல் எரிக் ராய்ஸ் என்பவர் ‘ஸ்பிரிட் ஐலண்ட்’ என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தார். அதில் நாம் தீவின் ஆவிகள். தீவின் மக்களோடு சேர்ந்து, கப்பலில் வந்து இறங்கும் ஆக்கிரமிப்பாளர்களை விரட்ட வேண்டும். பலகையைத் திருப்பிப் போடலாம் என்பதற்கு அது ஒரு சாட்சி. வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள், விலைதான் கொஞ்சம் கூட.

எங்கள் வீட்டில் போர்ட்டோ ரிக்கோவையும் விடவில்லை, விதியில் ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். கப்பலிலிருந்து வட்டை எடுப்பவர், அது எந்த ஊரிலிருந்து வந்தது, என்ன பெயர், வீட்டில் யாரை விட்டுவிட்டு வந்தது என்று சொல்லிவிட்டுத்தான் தோட்டத்தில் வைக்க வேண்டும். மேலூர், சோழவந்தான், திருமங்கலம், வாடிப்பட்டி என்று பிள்ளைகள் வரிசையாகச் சொல்கிறார்கள். சொன்ன பெயரைத் திரும்பச் சொல்லக் கூடாது. இதனால் ஒன்றரை மணி நேர ஆட்டம் மூன்று மணி நேரம் இழுக்கிறது. போன வாரம் அக்கா மகள் கையில் வட்டை வைத்துக்கொண்டு, இவர் இறங்க மாட்டேன் என்கிறார், என்ன செய்வது என்றாள். விதிப் புத்தகத்தில் தேடிப் பார்த்தோம், அதற்கு ஒரு வரியும் இல்லை.