முறை சொல்லிய பிள்ளைகள்

இரத்தினபுரி மாவட்டத்தின் றக்வான தேயிலையும் இறப்பரும் சூழ்ந்த ஊர். அவ்வட்டாரத் தோட்டங்களின் கல்வி வரலாற்றை எழுதுவோர் கட்டடம் இல்லை, ஆசிரியர் இல்லை என்ற குறைகளையே அடுக்குவர். அவை மெய்யே. ஆயினும் அந்த ஒற்றை அறைக்குள் பாடம் எவ்வாறு மனத்தில் நின்றது என்பது அரிதாகவே ஆராயப்படுகிறது.

1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளின் தாய்மொழிக் கல்வியைத் துரைமாரின் பொறுப்பாக்கியது. பிள்ளைகள் படித்துவிட்டால் கொழுந்து பறிக்க ஆள் ஏது என்பதே துரைமார் பலரின் கவலை. சட்டம் ஏட்டில் இருந்தது. லயத்து அறையொன்றோ கொட்டகையோ பள்ளிக்கூடமாயிற்று. ஓர் ஆசிரியர், அவர் முன்னே எல்லா வகுப்புகளும்.

அங்கு நிகழ்ந்தது தமிழகத்துத் திண்ணைப் பள்ளியின் தொடர்ச்சி என்றே கருதுகிறேன். ஒருவர் சொல்ல மற்றவர் தொடர்ந்து சொல்லும் 'முறை வைத்தல்' பற்றி உ.வே.சாமிநாதையர் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். ஆனால் ஒரே நாளில் நூறு முறை கத்துவது வேறு. இடைவெளி விட்டு நினைவிலிருந்து மீட்பது வேறு. முன்னது விரைவில் ஆவியாகும். இந்த வேறுபாட்டை 1885இல் ஜெர்மானியர் எபிங்ஹவுஸ் தம்மையே சோதனைப் பொருளாக்கி அளந்து காட்டினார். 1939இல் ஸ்பிட்சர், அமெரிக்காவின் அயோவாவில் 3,605 ஆறாம் வகுப்பு மாணவரிடம், படித்ததை உரிய காலத்தில் நினைவுகூர வைத்தால் மறதி குறைவதை நிறுவினார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பவணந்தியாரோ, கேட்டவற்றை நினைத்தலையும் சக மாணாக்கரிடம் வினாவுதலையும் விடை கூறுதலையும் நன்னூலில் பாடம் பயிலும் முறையாகவே வைத்துவிட்டார்.

பல வகுப்புகள் ஓரறையில் அமர்ந்ததில் எதிர்பாராத ஆதாயம் ஒன்றும் உண்டு. நான்காம் வகுப்புப் பிள்ளை, தான் மூன்றாண்டுகளுக்கு முன் கற்ற வாய்பாட்டைச் சிறியோர் வாயால் மறுபடியும் கேட்கும். அவர்கள் தடுமாறினால் எடுத்துக் கொடுக்கும். சிலேட்டில் எழுதியது உடனே அழிக்கப்பட்டதால் புரட்டிப் பார்க்க ஏடும் இல்லை. வறுமை திணித்த முறை இது. அதைப் போற்ற வேண்டியதில்லை.

ஆனால் இடைவெளி விட்டுக் கற்பதற்கு அடுத்த வாரமும் அதே பிள்ளை வந்தாக வேண்டும். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பலரை இந்தியாவுக்கு அனுப்பியது. தோட்டப் பள்ளிகளை அரசு பரவலாகப் பொறுப்பேற்கத் தொடங்கிய 1970களின் பிற்பகுதியிலேயே, 1977 வன்செயல் சபரகமுவத் தோட்டங்களையும் தாக்கிற்று. உயிர் பிழைத்த குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறின.