இரட்டைச் சூரியோதயப் பறப்புகள்

இரட்டைச் சூரியோதயப் பறப்புகள் என்பவை, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் இலங்கையின் தென்கரையிலுள்ள கொக்கல என்னும் ஊருக்கும் இடையே நடைபெற்ற விமானப் பயணங்களாகும். 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் நிறுவனம் இவற்றை இயக்கியது.

பின்னணி

போருக்கு முன் லண்டனிலிருந்து சிட்னிக்குச் சென்ற விமானங்கள் சிங்கப்பூரில் தங்கிச் செல்வது வழக்கம். 1942 பெப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. அதனால் அந்த வான்வழி அறுந்தது. பிரித்தானியாவுடன் ஆஸ்திரேலியாவை மீண்டும் இணைக்க, இந்துப் பெருங்கடலை ஒரே மூச்சில் கடப்பதே வழியாயிற்று.

தூரமும் நேரமும்

இரு இடங்களுக்கும் இடைப்பட்ட தூரம் சுமார் 5,650 கி.மீ. இதற்குக் கட்டலீனா வகைப் பறக்கும் படகுகள் பயன்பட்டன. இவை நீரில் இறங்கி நீரிலிருந்தே எழக்கூடியவை. பேர்த்தில் சுவான் ஆறும் கொக்கலவில் அங்குள்ள ஏரியும் இவற்றின் ஓடுதளங்களாயின.

மணிக்கு ஏறத்தாழ 200 கி.மீ. வேகத்தில் பறந்தால், 5,650-ஐ 200-ஆல் வகுக்க, 28 மணி நேரத்திற்கு மேல் வருகிறது. உண்மையில் காற்றின் திசைக்கேற்ப 27 முதல் 33 மணி நேரம் வரை ஆனது. ஒரே பயணத்தில் இரு முறை சூரியன் உதிப்பதைக் கண்டதால் இப்பெயர் ஏற்பட்டது.

விண்மீன்களே வழிகாட்டி

எரிபொருளே பெரும் சுமையாக இருந்ததால், மூன்று பயணிகளையும் 69 கிலோ தபாலையும் மட்டுமே ஏற்ற முடிந்தது. விமானத்தில் ஆயுதம் இல்லை. எதிரிக்கு இருப்பிடம் தெரிந்துவிடும் என்பதால் வானொலியில் பேசுவதும் தவிர்க்கப்பட்டது. ஜப்பானியர் நடமாடிய பகுதியை இருளில் கடக்கும்படி புறப்படும் நேரம் அமைந்தது. அந்த இருளில் விண்மீன்களைப் பார்த்தே திசை கணித்தனர்.

ஐந்து விமானங்களுக்கும் விண்மீன்களின் பெயர்களே சூட்டப்பட்டன: அல்டேர், வேகா, ரைஜெல், அன்டாரிஸ், ஸ்பைக்கா. இவற்றுள் அல்டேர் நம் திருவோணம், அன்டாரிஸ் கேட்டை, ஸ்பைக்கா சித்திரை. பயணம் முடித்தவர்களுக்கு 'இரட்டைச் சூரியோதய இரகசியக் கழகம்' என்ற பெயரில் சான்றிதழ் வழங்கப்பட்டது.

முடிவும் தொடர்ச்சியும்

1945 ஜூலை வரை 271 முறை கடல் கடந்தும் ஒரு விமானம்கூட இழக்கப்படவில்லை. 1944 முதல் லிபரேட்டர் விமானங்களும் இவ்வழியில் சேர்ந்தன. போர் முடிந்தபின் கட்டலீனாக்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்டன.

2018 மார்ச்சில் அதே பேர்த்திலிருந்து அதே நிறுவனத்தின் விமானம் லண்டனுக்கு இடைநில்லாமல் பறந்தது. தூரம் சுமார் 14,500 கி.மீ.; நேரம் 17 மணிக்குச் சற்றுக் கூடுதல். தூரம் இரண்டரை மடங்காகியும் நேரம் குறைந்தது. இன்று பயண நேரத்தை ஒரு நொடியில் கணித்துவிடுகிறோம். அன்று அந்த எண்ணை அறிய, பின்வாங்க இடமில்லாத கடல்மேல் ஓர் இரவு முழுவதும் பறக்க வேண்டியிருந்தது.