வேட்டத்துக்கு ஏற்ற ஊர்

சென்ற ஆண்டுக் கூட்டத்தில் நம்மவரின் மூல ஊர் எது என்னும் வினா எழுந்ததும், இரண்டு ஊரார் ஒருவரையொருவர் நோக்கிச் சுடுசொல் வழங்கியதும், முதல் மரியாதை யாருக்கு என்பது முடிவாகாமலே இலையிலிட்ட சோறு ஆறிப்போனதும் சங்கத்து அன்பர்கள் அறிந்தனவே. அவ்வூர்களின் பெயரை ஈண்டு எழுதேம். இரண்டிலும் எமக்கு உறவினர் உளர். ஆயினும் அவ்வழக்கிற்கு அடிப்படையாக நின்ற எண்ணம் ஒன்றுண்டு. நம் முன்னோர் ஆதியில் ஓரிடத்தில் அமர்ந்தனர், அவ்விடத்தையே தலைமுறை தலைமுறையாகப் பற்றிநின்றனர் என்பதே அது. அது வரலாற்றுக்குப் பொருந்துவதன்று என்று காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐந்திணைப் பாகுபாட்டைப் பள்ளியிற் படித்த நாம், வேட்டுவனைக் குறிஞ்சியிலும் மீன் பிடிப்போனை நெய்தலிலும் வைத்துப் பழகிவிட்டோம். பாட்டுக்கு அப்பிரிவு அழகே. ஆனால் வயிறு திணை பார்ப்பதில்லை. நம் பழந்தமிழ் வழக்கில் மானை எய்வதும் வேட்டம், கடலிற் சென்று மீன் கொள்வதும் வேட்டம். ஒரு சொல்லே இரண்டுக்கும் நின்றது. இவ்விரண்டு வேட்டமும் ஒருங்கே கைகூடும் இடம் எதுவோ அதுவே பண்டையோர்க்கு ஊர் ஆயிற்று.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போகவேண்டுவதில்லை. தாமிரபரணிக்கு வடக்கும் தெற்குமாக, தூத்துக்குடி, திருநெல்வேலிக் கடலோரத்தை அடுத்துச் செம்மணல் மேடுகள் பல கிடக்கின்றன. தேரி என்று நாம் வழங்குவது அவற்றையே. பனையும் உடையும் அன்றி வேறொன்றும் எளிதில் வேர்கொள்ளாத அம்மணலில் சிறு கற்கருவிகள் சிதறிக் கிடப்பதை, நிலநூல் வல்ல இராபர்ட் புரூஸ் பூட் 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்டார். 1863-இல் பல்லாவரத்திற் பழைய கற்கோடரியைக் கண்டெடுத்தவரும் அவரே. சென்னை அரும்பொருட்காட்சிச் சாலையைச் சார்ந்த அய்யப்பன் 1945-இல் சாயர்புரத்துக் கருவிகளைப் பற்றி எழுதினார். பின்னர் ஸோய்னர், பிரிட்ஜெட் ஆல்ச்சின் என்னும் இருவர் சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம், புத்தன்தருவை முதலிய பல இடங்களை ஒருசேர ஆராய்ந்து 1956-இல் விரிவாக வெளியிட்டனர். அக்கருவிகள் கி. மு. 4000 அளவினவாகவோ அதற்கு முற்பட்டனவாகவோ இருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பு. அக்காலத்தில் கடல்மட்டம் இன்றினும் உயர்ந்திருந்தது என்றும், தேரிகளை ஒட்டிக் காயல்களும் ஆற்றுமுகங்களும் இருந்தன என்றும், அங்கு வாழ்ந்தோர் மீன் பிடித்தும் விலங்கு வேட்டையாடியும் பிழைத்தனர் என்றும் அவர்கள் கருதினர்.

அக்கருவிகள் நகத்தளவும் விரற்கடை அளவுமே உள்ளன. பிறைபோல் வளைந்தவையும், கூரிய முனையுடையவையும், அம்பின் தலையிற் பொருத்துதற்கு உரியவையும் அவற்றிற் காணப்படும். இலங்கையிற் கிடைத்த கற்கூர்களோடு சில மிக ஒத்துள்ளன. வெங்கச்சங்கல்லும், சிக்கிமுக்கிக் கல்லின் இனமான தவிட்டுநிறக் கல்லுமே அவற்றிற்கு மூலப்பொருள். இங்கு அன்பர்கள் ஒன்றை ஊன்றி நோக்குக: மணல்மேட்டிற் கல் விளையாது. ஆதலின் கல்லை வேறிடத்திற் பொறுக்கிச் சுமந்து வந்திருத்தல் வேண்டும். கல்லுள்ள இடத்துக்கு அவர்கள் குடிபோகவில்லை. மீனும் மானும் உள்ள இடத்துக்குக் கல்லைக் கொணர்ந்தனர். ஊர் தேர்ந்த முறை இவ்வொன்றிலேயே வெளிப்படுகின்றது.

அப்படியானால், மணல்மேட்டில் என்ன கண்டார்கள்? முதலாவது நன்னீர். மழைநீர் மணலுள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும். அளவறிந்து தோண்டினால் இனிய ஊற்று, ஆழமாகத் தோண்டினால் உப்பு. கடற்கரையில் ஊற்றுத் தோண்டிய பாட்டிமார் இதனை எந்த நூலும் படியாமலே அறிவர். அடுத்தது, பெருமழையிலும் கால் நனையாத உயரம். அங்கிருந்து நோக்கினால் காயலின் நீரும் பறவை இறங்கும் இடமும் ஒருங்கே தோன்றும். எல்லாவற்றினும் மேலானது ஆற்றுமுகம். நன்னீரும் உவர்நீரும் கலக்கும் கழியில் ஆறு கொணரும் வண்டலால் மீனுக்கு இரை மிகும். மடவையும் கொடுவாயும் அங்கு ஏறும். இறாலின் செய்தி இன்னும் வியப்பானது: அது கடலிற் பிறந்து, நூலினும் சிறிய குஞ்சாய்க் கழிக்குள் புகுந்து, அங்கே வளர்ந்து, மீண்டும் கடலுக்கே திரும்பும். முகத்துவாரத்திற் குடியிருப்பவன் அவ்வாயிலைக் காத்திருந்தாற் போதும். ஆழ்கடல் சீறும் நாளிலும் அவன் அடுப்பு அணையாது. பின்புறத்து முட்காட்டில் முயலும் காடையும் உண்டு. மழைக்காலத்திற் தருவைகள் நிறைந்தால் நீர்ப்பறவை வந்திறங்கும். மானுக்கும் குறைவிருந்திராது, அதே மாவட்டத்து வல்லநாட்டில் எஞ்சிய வெளிமான்களைக் காப்பதற்கென 1987-இல் ஒரு சரணாலயம் அமைந்துள்ளது.

அத்தேரி மாந்தர் நம் குலத்தார்தாமா என்று கேட்பின், ஆம் என்று சொல்ல யாம் துணியோம். குலம் என்னும் பேச்சே மிகப் பிற்பட்டது. எனினும் அவர்கள் பார்த்துத் தேர்ந்த அடையாளங்களையே பின்னர் வந்த கடலோரத்து மக்களும் பார்த்தனர் என்பதில் எமக்கு ஐயமில்லை.

நிற்க. கொற்கையின் கதைக்கு வருவோம். பாண்டியரின் துறைமுகமாய், முத்துக்குப் பேர்போனதாய் விளங்கிய அவ்வூரை, கி. பி. முதல் நூற்றாண்டிற் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடற்பயணக் கையேடு ‘கொல்கை’ என்று குறிக்கின்றது. தாமிரபரணி கடலொடு கலந்த இடத்தில் அது நின்றது. ஆற்றில் மீனும், கடலிற் பார்களில் முத்துச் சிப்பியும் சங்கும் இருக்க, வேறென்ன வேண்டும்? 1968-69-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையார் அங்கு அகழ்ந்தபோது கிடைத்த கரியொன்று கி. மு. 785 அளவினது எனக் கணிக்கப்பட்டது. ஆனால் ஊரைப் பெருக்கிய அவ்வாறே ஊரைக் கடலினின்றும் பிரித்துவிட்டது. ஆண்டுதோறும் வண்டல் படிய, முகத்துவாரம் கிழக்கே நகர, கொற்கை உள்நாட்டூர் ஆயிற்று. இன்று அங்கு நிற்போர் காண்பது வயலும் வாழையுமே. கடலைக் காணச் சில மைல் செல்லவேண்டும்.

அங்கிருந்தோர் என் செய்தனர்? வயலைப் பற்றிக்கொண்டோர் தங்கினர். கடலைப் பற்றிக்கொண்டோர் முகத்துவாரத்தின் பின்னே சென்றனர். கடலுக்கு அணித்தாய் எழுந்த காயலை மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘காயில்’ என்று குறித்தார். அரபு நாட்டுக் குதிரைகள் அங்கு வந்திறங்கிய செய்தியை அவர் எழுத்தாற் காண்கின்றோம். அவர் குறித்தது இன்றைய பழையகாயலே என்பது, கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்த கால்டுவெல் ஐயரின் துணிபு. அதனையும் மணல் விடவில்லை. ஆறு கடலிற் புகும் இடத்திற் புன்னைக்காயல் 16-ஆம் நூற்றாண்டில் மேலோங்கியது. அதன்பின் தூத்துக்குடி. இவ்வூர் தாமிரபரணியின் வாயில் இல்லை என்பதை நோக்குக. இம்முறை தேர்ந்தவர்கள் ஆற்றை விட்டுத் தீவுகளைத் தேர்ந்தனர். கரைக்கு எதிரே கிடக்கும் தீவுகள் அலையை உடைத்துத் தோணிக்கு அமைதியான நீரைத் தந்தன, மணலும் அத்துணை விரைவில் மூடாது. முத்துக் குளிப்பு அங்கே 1961-இல் நடந்ததோடு ஓய்ந்தது என்பது வேறு கதை.

இங்ஙனம் ஒரு முகத்துவாரத்தின் வரலாற்றிலேயே நான்கு ஊர்கள். அவற்றுள் எது மூலம், எது கிளை? கொற்கையே மூலம் என்பாரை, அதற்கு முன் தேரியில் இருந்தவர் யார் என்று கேட்கலாமே. அக்காலத்தில் மணல்மேட்டுக்குப் பட்டா இல்லை. கம்பும் ஓலையும் வலையும் தோளிலேயே வரும். கச்சான் காற்றில் மணல் ஏறி வாய் அடைபட்டதென்றால், அடுத்த வாய் எங்குத் திறந்துள்ளது என்று பார்த்துவரச் சிலரை விடுப்பர். அவர் சொல் கேட்டு ஊர் எழும். இன்று நம்மால் அது இயலாது. வீடு கல்லாலானது, பள்ளியும் பங்குக்கடையும் ஓரிடத்தன, கடன்பத்திரமோ வீட்டின்மேல் உள்ளது. அதனாற்றான் இருக்கும் ஊரையே ஆதியூர் என்று நிலைநாட்ட இத்துணை விரைகின்றோம் போலும்.

சங்கத்தார் இப்போது தொகுத்துவரும் குடும்ப ஏட்டின் படிவத்தை யாமும் கண்டோம். அதில் ‘மூல ஊர்’ என்று ஒரேயொரு கட்டம் உளது. அதனை நீக்கி, ‘இருந்த ஊர்கள்’ என்று ஐந்தாறு வரி விடுமாறு செயலாளரை வேண்டுகின்றோம். எண்பது வயதைத் தாண்டிய பெரியோர் ஒவ்வோர் ஊரிலும் இன்னும் சிலர் இருக்கின்றனர். எந்த ஆண்டில் எந்த வாய் அடைபட்டது, எந்த ஊற்று உப்பாயிற்று, அப்போது யார் எத்திசை போயினர் என்பவற்றை அவர்களிடம் கேட்டு இவ்வாண்டுக்குள் எழுதிவிடல் வேண்டும். எம் குடும்பத்து வரிகளை இக்கட்டுரையுடன் அனுப்பியுள்ளோம். அதில் மூன்று ஊர்கள் உள்ளன. நான்காவதன் பெயரை எம் பாட்டியார் சொல்லக் கேட்டதுண்டு, மறந்துவிட்டோம்.