தளிச்சேரியிலிருந்து டாக்கீஸுக்கு: டி.ஆர். ராஜகுமாரியும் தஞ்சைப் பாட்டுக் குடும்பங்களும்

முதலாம் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடவும் பாடவும் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றினான். ஆளுக்கொரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். யார் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் இருப்பவர் என்பதெல்லாம் கல்வெட்டில் இருக்கிறது. காவிரிப் பாசன நெல்லை நம்பித்தான் இந்த மண்ணில் பாட்டும் ஆட்டமும் பிழைத்தன. நாயக்கரும் மராத்தியரும் வந்த பிறகும் இந்த ஏற்பாட்டின் அடிப்படை மாறவில்லை.

மாறியது 1929-இல். தேவதாசிகளின் மானிய நிலங்களைக் கோயில் ஊழியத்திலிருந்து பிரிக்கும் சட்டத்தைச் சென்னை மாகாணம் கொண்டுவந்தது. முன்னின்றவர் முத்துலட்சுமி ரெட்டி. மாயவரம் பக்கத்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் மேடை மேடையாகப் பேசினார். 1936-இல் ‘தாசிகளின் மோசவலை’ என்ற நாவலையும் எழுதினார். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை முழுமையாகத் தடுக்கும் சட்டம் 1947-இல்தான் நிறைவேறியது. இந்தப் பதினெட்டு ஆண்டுகள் தமிழ்ப் பேசும்படம் தோன்றி வளர்ந்த ஆண்டுகளும்கூட.

தஞ்சாவூரில் 1922-இல் பிறந்த ராஜாயி என்ற சிறுமி வளர்ந்தது இந்தக் காலத்தில்தான். பாட்டி குஜலாம்பாள் பாடகி. வீட்டிலேயே எஸ்.பி.எல். தனலட்சுமி முன்னதாகப் படங்களில் நடிக்கப் போயிருந்தார். அன்றைய சினிமாவுக்கு இப்படிப்பட்ட வீடுகள் தேவைப்பட்டன. பின்னணிப் பாடல் முறை முப்பதுகளின் இறுதியில்தான் தலைகாட்டியது. அதுவரை நடிப்பவரே மைக் முன் நின்று சுருதி பிசகாமல் பாடியாக வேண்டும். மற்ற குடும்பங்கள் பெண்களைக் கேமரா முன் நிறுத்தத் தயங்கின. பாட்டுப் பயிற்சியும் சபைக் கூச்சமின்மையும் ஒருசேர வாய்த்த பெண்கள் இந்த வீடுகளில் இருந்தார்கள். மதுரை எம்.எஸ். சுப்புலட்சுமி ‘சேவாசதனம்’ (1938) படத்துக்கு வந்ததையும் இந்தப் பின்னணியில் வைத்தே பார்க்க வேண்டும்.

ராஜாயி, டி.ஆர். ராஜகுமாரி ஆனார். அவர் நடித்த ‘குமார குலோத்துங்கன்’ பெரிதாகப் பேசப்படவில்லை. பாபநாசத்துக்காரரான இயக்குநர் கே. சுப்ரமணியம் 1941-இல் எடுத்த ‘கச்ச தேவயானி’தான் அவரைத் தமிழகத்தின் கனவுக்கன்னி ஆக்கியது. அடுத்த ஆண்டு ‘மனோன்மணி’, அதற்கடுத்து ‘சிவகவி’.

1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வந்தது. சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளி கண்ட படம் என்பது ஊரறிந்த கதை. அதிகம் கவனிக்கப்படாதது அதன் ஊர்க்கணக்கு. கதாநாயகன் தியாகராஜ பாகவதர் மாயவரத்தில் பிறந்தவர். பாட்டு எழுதிய பாபநாசம் சிவன் போலகத்துக்காரர். நாயகனின் மனைவியாக வந்த என்.சி. வசந்தகோகிலம் நாகப்பட்டினத்தில் இசை பயின்றவர். தாசி ரம்பா வேடத்தில் தஞ்சாவூர் ராஜகுமாரி. காவிரிப் படுகையே ஸ்டுடியோவுக்கு இடம் பெயர்ந்ததுபோல் இருக்கிறது!

வேடங்கள் பிரிந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். கச்சேரி மேடையில் புகழ்பெற்ற பிராமணப் பெண்ணுக்குப் பத்தினி வேடம்; பாட்டும் ஆட்டமும் குலத்தொழிலான வீட்டிலிருந்து வந்தவருக்குச் சொத்தைக் கவரும் தாசி வேடம். ‘சிவகவி’யிலும் அவருக்குக் கிடைத்தது தாசி வேடமே. சட்டம் தாசியைக் கோயிலிலிருந்து வெளியேற்றிக்கொண்டிருந்தபோது சினிமா அவளைத் திரையில் குடியேற்றி, கடைசி ரீலில் தண்டித்துக்கொண்டிருந்தது. ராமாமிர்தம் அம்மையாரின் நாவல் தாசி முறையின் சுரண்டலைத் தாசியின் பக்கம் நின்றும் பேசியது. திரைக்கதைகளுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆனால் ரசிகர்கள் நினைவில் வைத்துக்கொண்டது தண்டனையை அல்ல, பாகவதரின் சாருகேசி ராகப் பாட்டுக்கு எதிரே ரம்பா காட்டிய கண் வீச்சையும் காற்றில் விட்ட முத்தத்தையும்.

1948 ஏப்ரலில் வெளியான ‘சந்திரலேகா’வில் எஸ்.எஸ். வாசன் ராஜகுமாரியையே கதையின் நடுநாயகமாக்கினார். பிரம்மாண்டமான முரசுகளின் மேல் நூற்றுக்கணக்கானோர் ஆடும் முரசு நடனத்தின் நடுவிலும் அவர்தான். இம்முறை ஆடுபவள் வில்லி அல்ல. சூழ்ச்சிக்காரனை ஏமாற்றித் தப்பிக்கும் கிராமத்துப் பெண். ராஜகுமாரியின் குரல் வசந்தகோகிலத்தின் குரலைப் போலக் கச்சேரியைத் தாங்கக்கூடியது என்று சொல்லிவிட முடியாது. அவருடைய பலம் பார்வையிலும் நிதானமான நடையிலும் இருந்தது. பின்னணிக் குரல்கள் நிலைபெற்ற பிறகும் அவர் நிலைத்ததற்கு அதுவே காரணம்.

‘மனோகரா’ (1954) அதற்குச் சான்று. திருக்குவளையில் பிறந்த மு. கருணாநிதியின் வசனத்தில் வசந்தசேனையாக வந்த ராஜகுமாரிக்குப் பாட்டைவிடப் பேச்சே ஆயுதம். பாடும் நடிகர்களின் காலம் முடிந்து, வசனம் அந்த இடத்தைப் பிடித்துவிட்டிருந்தது. பாகவதர் அந்தத் திருப்பத்தில் தேங்கிவிட, ராஜகுமாரி தாண்டினார்.

அவர் நடிப்பை மட்டும் நம்பியிருக்கவுமில்லை. தம்பி டி.ஆர். ராமண்ணாவுடன் ஆர்.ஆர். பிக்சர்ஸ் தொடங்கினார். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படமான ‘கூண்டுக்கிளி’ (1954), அடுத்த ஆண்டு ‘குலேபகாவலி’ ஆகியவை அந்த நிறுவனத்தின் படங்கள். தியாகராய நகர் பாண்டி பஜாரில் தன் பெயரிலேயே ஒரு திரையரங்கமும் வைத்திருந்தார். மானிய நிலம் பெண் பெயரில் இருந்த வீட்டு வழக்கத்தின் நகரத்துத் தொடர்ச்சியாக இதைப் படிக்க இடமிருக்கிறது. 1999-இல் இறக்கும்வரை அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

‘வானம்பாடி’ (1963) அவருடைய கடைசிப் படம். அதே ஆண்டு ராமண்ணாவின் ‘பெரிய இடத்துப் பெண்’ படத்தில் தனலட்சுமி வளர்த்த ஜோதிலட்சுமி அறிமுகமானார். அந்தத் தலைமுறையில் தாசி வேடம் திரைக்கதையிலிருந்து ஏறக்குறைய மறைந்து, ‘கிளப் டான்ஸ்’ என்ற பெயரில் ஒற்றைப் பாட்டாகச் சுருங்கியது. அந்தப் பாட்டையும் பெரும்பாலும் எல்.ஆர். ஈஸ்வரி போன்றவர்கள்தான் பாடினார்கள், ஆடுபவர் வாயசைத்தார்.